கடவுளின் கூட்டாளியாக மனிதன்: யூத சிந்தனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத மதம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கட்டளைகள்தான். இதைச் செய், அதைத் தொடாதே, இன்ன நாளில் அடுப்பு மூட்டாதே. கட்டளையிடுபவர் மேலே, கீழ்ப்படிபவர் கீழே. இந்த எண்ணத்தோடு தல்மூதை, அதாவது பழங்கால ரபிகளின் (யூத மத அறிஞர்களின்) சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பெருந்தொகுப்பை, புரட்டுகிறவர்கள் கொஞ்சம் தடுமாறித்தான் போவார்கள். அங்கே மனிதர்கள் கடவுளோடு வாதாடுகிறார்கள், வழக்குப் பேசுகிறார்கள், ஓரிடத்தில் ஜெயித்தும் விடுகிறார்கள். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என்னால் முடிந்த பதில்களையும் கீழே தருகிறேன். விவிலியப் பெயர்களைத் தமிழ் பைபிளில் இருக்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

மனிதன் கடவுளின் கூட்டாளி என்று பழைய யூத நூல்களே சொல்கின்றனவா? இது நவீன காலத்தில் பூசிய வண்ணம் இல்லையா?

பழைய நூல்களே சொல்கின்றன, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில். 6ஆம் நூற்றாண்டு வாக்கில் உருப்பெற்ற பாபிலோனிய தல்மூதில் ஒரு காட்சி. ரவ் ஹிஸ்தா, ரப்பா பர் ரவ் ஹூனா என்ற இரண்டு நீதிபதிகள் நாள் முழுக்க வழக்கு விசாரித்துச் சோர்ந்துபோய் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு போதனை சொல்லப்படுகிறது: ஒரே ஒரு மணி நேரம் உண்மையான தீர்ப்பு வழங்கினாலும், அந்த நீதிபதி படைப்பு வேலையில் கடவுளுக்குக் கூட்டாளி ஆனதுபோல வேதம் அவரை மதிக்கிறது.

அதே நூலில் வேறோர் இடத்தில், வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் தொடங்கும்போது ஆதியாகமத்தின் படைப்பு வசனங்களைச் சொல்லித் தொழுகிறவரும் படைப்பில் கூட்டாளி ஆனதுபோல என்று வருகிறது. இன்னொன்று குடும்பம் பற்றியது. ஒரு மனிதனை உருவாக்குவதில் மூன்று கூட்டாளிகள்: கடவுள், அப்பா, அம்மா. பெற்றோரை ஒருவர் மதித்தால், "நான் இவர்கள் நடுவில் குடியிருந்ததுபோலவும் எனக்கே மரியாதை செய்ததுபோலவும் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார் கடவுள்.

நீதிமன்றம், தொழுகை, வீடு. மூன்றுமே சாதாரண மனிதர்கள் இருக்கும் இடங்கள். அரசரோ தீர்க்கதரிசியோ வேண்டியதில்லை. "கூட்டாளி ஆனதுபோல" என்று தல்மூத் ஜாக்கிரதையாகச் சொல்வதையும் கவனிக்க வேண்டும். சம பங்கு என்று எங்கும் எழுதித் தரவில்லை.

எல்லாம் வல்ல கடவுளுக்குக் கூட்டாளி எதற்கு? படைப்பில் குறை இருக்கிறது என்று சொல்ல வருகிறார்களா?

குறை என்று சொல்வதைவிட, வேலை பாக்கி வைத்திருக்கிறார் என்று சொல்லலாம். ஆதியாகமத்தில் ஏழாம் நாள் பற்றிய வசனத்தின் கடைசிச் சொல்லை "செய்வதற்காக" என்றும் படிக்க முடியும். அதாவது கடவுள் படைத்தார், இனிமேல் செய்வதற்காக. அதைப் பிடித்துக்கொண்டு ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷ் (வேதத்துக்கு ரபிகள் தந்த விளக்கத் தொகுப்பு) ஒன்று சொல்கிறது: ஆறு நாளில் படைக்கப்பட்ட எதற்கும் இன்னும் வேலை தேவைப்படுகிறது. கடுகைப் பக்குவப்படுத்த வேண்டும், கோதுமையை அரைக்க வேண்டும், மனிதனும் திருத்தப்பட வேண்டியவன்தான்.

இதே கருத்துக்கு ஒரு கதையும் உண்டு. யூதேயாவை ஆண்ட ரோம ஆளுநர் ஒருவரை யூத நூல்கள் துர்னுஸ் ரூபுஸ் என்று அழைக்கின்றன. அவர் அந்தக் காலத்து யூத அறிஞரான ரபி அகிவாவிடம் கேட்கிறார்: யாருடைய வேலை அழகானது, கடவுளுடையதா மனிதனுடையதா? மனிதனுடையது என்று அகிவா தயங்காமல் சொல்கிறார். ஆளுநர் எங்கே வருகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆண்பிள்ளைகளுக்கு ஏன் விருத்தசேதனம் (முன்தோல் நீக்கும் சடங்கு) செய்கிறீர்கள், கடவுள் படைத்தது போதாதா என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். அகிவா கோதுமைக் கதிர்களையும் அப்பங்களையும் எடுத்து வைத்து, இது கடவுளுடைய வேலை, இது மனிதனுடைய வேலை, எது மேல் என்று கேட்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அகிவாவின் துணிச்சல்தான். ஒரு பக்திமான் வாயிலிருந்து வரும் என்று ஆளுநர் எதிர்பார்த்த பதில் அது இல்லை. யூதர்கள் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் வாழ்த்தில் "பூமியிலிருந்து அப்பத்தை வரவழைக்கிறவர்" என்று கடவுளைப் புகழ்கிறார்கள். பூமியிலிருந்து அப்பம் எங்கே வருகிறது? கதிர்தான் வருகிறது. மீதியை உழுகிறவரும் அரைப்பவரும் சுடுகிறவரும் செய்கிறார்கள். புகழ் கடவுளுக்கு, வேலை இரண்டு பேருக்கும்.

கடவுளுக்கு மனிதன் தேவைப்படுகிறான் என்பதை எல்லா யூத அறிஞர்களும் ஏற்கிறார்களா?

இல்லவே இல்லை. 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடிஸ் போன்ற தத்துவவாதிகளுக்கு இந்தப் பேச்சே ஒவ்வாது. கடவுளுக்கு எந்தத் தேவையும் கிடையாது, தேவை என்று வந்தால் அவர் கடவுளே இல்லை என்பது அவர்கள் நிலை. கபாலா என்னும் மறைஞானப் பிரிவினர் இதற்கு நேர் எதிர். மனிதன் செய்யும் ஒவ்வொரு கட்டளையும் மேலே ஒரு தேவையை நிறைவேற்றுகிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

இந்த இரண்டு பக்கமும் பிரிவதற்கு முன்பே மித்ராஷில் ஒரு வாக்கு இருக்கிறது. "நீங்கள் என் சாட்சிகள், நானே தேவன்" என்று ஏசாயா 43இல் வருவதற்கு ரபி ஷிமோன் பர் யோஹாய் பெயரில் சொல்லப்படும் விளக்கம் அது: நீங்கள் என் சாட்சிகளாக இருக்கும்போது நான் கடவுள், நீங்கள் சாட்சிகளாக இல்லாதபோது, சொல்லத் தகுமானால், நான் கடவுள் இல்லாததுபோல. "சொல்லத் தகுமானால்" என்ற ஒரு காப்பு அந்தக் காலத்து ரபிகளிடம் எப்போதும் தயாராக இருக்கும். சொல்லவும் வேண்டும், சொன்னதற்குப் பயப்படவும் வேண்டும்.

மைமோனிடிஸும் மனிதனின் பொறுப்பைக் குறைத்தவர் இல்லை. ஒவ்வொருவரும் தன்னைப் பாதி குற்றவாளி, பாதி நல்லவர் என்றும், உலகமும் அப்படியே சமநிலையில் நிற்கிறது என்றும் நினைக்க வேண்டும், அடுத்து செய்யும் ஒரு செயல் தன்னையும் உலகத்தையும் ஒரு பக்கம் சாய்த்துவிடும் என்று அவர் எழுதினார்.

நோய் கடவுள் கொடுத்தது என்றால் மருத்துவரிடம் போவது குறுக்கே நிற்பது ஆகாதா?

ஆகாது. ஒருவன் இன்னொருவனை அடித்துக் காயப்படுத்தினால் குணமாக்கும் செலவைக் கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 21 சொல்கிறது. மருத்துவருக்குக் குணமாக்க அனுமதி தரப்பட்டிருக்கிறது என்பதற்கு தல்மூத் அதையே ஆதாரமாகக் காட்டுகிறது.

வறுமைக்கும் இதே நிலைதான். "உங்கள் கடவுள் ஏழைகளை நேசிக்கிறார் என்றால் ஏன் அவரே சோறு போடுவதில்லை?" என்று அதே துர்னுஸ் ரூபுஸ் கேட்டதற்கு, அவர்கள் மூலமாக நாங்கள் நரகத்திலிருந்து தப்பிக்கத்தான் என்றார் அகிவா. ஏழையின் பசியை இன்னொருவனுடைய புண்ணியக் கணக்காக்குகிற இந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு. ஏழையாக இருப்பது அவன் விதி, விட்டுவிடு என்ற ஆளுநரின் வாதத்தை அகிவா ஏற்கவில்லை.

இதில் தனிமனிதனின் பார்வைக்கு எங்கே இடம்? கூட்டு என்றால் எல்லாரும் ஒரே குரலில் பேச வேண்டாமா?

தல்மூதுக்கு அடிப்படையான சட்ட நூல் மிஷ்னா. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட அதில், மரண தண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவர்களுக்குத் தரும் எச்சரிக்கை இருக்கிறது. பொய்ச் சாட்சியால் ஓர் உயிர் போனால் என்ன போகிறது என்று அவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும். அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது: ஓர் உயிரை அழித்தவன் ஒரு முழு உலகத்தை அழித்தவன் போல. அதை அடுத்து, மனிதன் ஒரே அச்சில் பல நாணயங்கள் அடித்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், கடவுள் எல்லா மனிதரையும் ஆதாமின் அச்சில் அடித்தும் ஒருவர்போல இன்னொருவர் இல்லை. அதனால் ஒவ்வொருவரும் "எனக்காகவே உலகம் படைக்கப்பட்டது" என்று சொல்லக் கடமைப்பட்டவர். இது நடப்பது நீதிமன்றத்தில் என்பதை மறந்துவிடக்கூடாது. நீ ஒருவனைக் கொன்றால் அவனுக்கு மாற்று கிடையாது என்று சாட்சியிடம் சொல்கிறார்கள்.

பெரும் கூட்டத்தைப் பார்த்தால் சொல்வதற்கும் ஒரு வாழ்த்து உண்டு: "இரகசியங்களை அறிந்தவர்." ஏன் என்று தல்மூத் விளக்குகிறது. அவர்கள் முகங்களும் ஒன்றுபோல இல்லை, எண்ணங்களும் ஒன்றுபோல இல்லை. அவ்வளவு பேரின் மனதில் இருப்பதும் அவருக்கு மட்டும் தெரியும். பெருங்கூட்டத்தைப் பார்த்ததும் அதன் ஒற்றுமையைப் புகழத் தோன்றுவதுதான் இயல்பு. இங்கே வேறுபாட்டுக்காக வாழ்த்துச் சொல்கிறார்கள்.

சீனாய் மலையில் இஸ்ரவேல் மக்கள் கடவுளின் குரலைக் கேட்டதைப் பற்றிய மித்ராஷும் இப்படியே போகிறது. எல்லாப் பக்கமும் முகம் இருக்கும் ஒரு சிலையை ஆயிரம் பேர் பார்த்தால் அது ஒவ்வொருவரையும் பார்ப்பதுபோல இருக்கும் அல்லவா, அப்படி ஒவ்வொருவரும் கடவுள் தன்னோடுதான் பேசுகிறார் என்று எண்ணினார்களாம். முதியவர், இளைஞர், குழந்தை என்று அவரவர் சக்திக்கு ஏற்ப அந்தக் குரல் எட்டியது. சிலை வணக்கத்தைக் கடுமையாகத் தடுக்கும் மரபு, இதைச் சொல்லச் சிலையையே உவமையாக எடுத்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான்.

கடவுளோடு வாதாடுவது பாவம் இல்லையா?

சோதோம் நகரை அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொன்னதும் ஆபிரகாம் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது என்று பேரம் பேசிப் பத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பூமி முழுவதற்கும் நியாயாதிபதி நியாயம் செய்யாதிருப்பாரோ என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். கடவுள் அவரைத் தண்டிக்கவில்லை. மக்கள் பொன் கன்றுக்குட்டி செய்து வணங்கிய விவகாரத்தில் மோசே இன்னும் ஒரு படி மேலே போகிறார். இந்த மக்களை மன்னியும், இல்லையென்றால் உமது புத்தகத்திலிருந்து என் பெயரைக் கிறுக்கிப்போடும் என்கிறார்.

அவ்வளவாகப் பேசப்படாத ஒரு வழக்கும் இருக்கிறது. எண்ணாகமம் 27இல் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து சகோதரிகள் வருகிறார்கள். அப்பா செலோப்பியாத் மகன் இல்லாமல் இறந்துவிட்டார். நிலம் ஆண்களுக்குத்தான் என்றால் அவர் பெயர் அழிந்துபோகுமே என்று மோசே முன்னால் நின்று கேட்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை, கடவுளிடம் கொண்டுபோகிறார். அவர்கள் சொல்வது சரி என்று கடவுள் சொல்லிச் சட்டமே புதிதாக வருகிறது. ஐந்து பெண்கள் தங்கள் இடத்திலிருந்து பார்த்ததால் தெரிந்த ஒரு குறை அது. மோசே நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை.

பிற்காலத்தில் இந்த வாதாடும் மரபை அன்போடு வளர்த்தவர்கள் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த ஹசிதியம் என்ற பக்தி இயக்கத்தைச் சேர்ந்த யூதர்கள். பெர்திச்சேவ் ஊர் ரபி லேவி இட்ஸ்ஹாக் (1740-1809) கடவுளையே பிரதிவாதியாக நிறுத்தி மக்களுக்காக வழக்காடினார் என்று கதைகள் சொல்லும். போலந்தில் புஷிஸ்ஹா ஊரில் வாழ்ந்த ரபி சிம்ஹா புனிம் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு பை வேண்டும், ஒன்றில் "எனக்காகவே உலகம் படைக்கப்பட்டது", இன்னொன்றில் "நான் தூளும் சாம்பலும்". கர்வம் ஒரு பக்கம், பணிவு ஒரு பக்கம் என்று இதைச் சுருக்கமாக விளக்கிவிடுவார்கள். ஆனால் "தூளும் சாம்பலும்" என்று ஆபிரகாம் எப்போது சொன்னார்? சோதோமுக்காக வாதாடிக்கொண்டிருக்கும்போதே, நாற்பத்தைந்து என்று எண்ணிக்கையைக் குறைப்பதற்குச் சற்று முன்னால். தூளும் சாம்பலுமாய் இருக்கும் நான் பேசத் துணிந்தேன் என்று சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்தாமல் தொடர்கிறார்.

மனிதர்கள் கடவுளை வென்ற கதை என்று ஒன்று சொல்வார்களே, அது என்ன?

ஓர் அடுப்பைப் பற்றிய சண்டை. அடுப்பைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் மணல் போட்டு மறுபடி சேர்த்திருக்கிறார்கள். அது முழுப் பாத்திரமா, உடைந்ததா? உடைந்தது என்றால் அதற்குத் தீட்டு ஒட்டாது. தீட்டு ஒட்டாது என்றார் ரபி எலியேசர். மற்ற அறிஞர்கள் எல்லாரும் ஒட்டும் என்றார்கள். எலியேசர் உலகத்தில் உள்ள எல்லா வாதத்தையும் வைத்துப் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை. "நான் சொல்வது சரி என்றால் இந்தக் கரோப் மரம் காட்டட்டும்" என்றார். மரம் பெயர்ந்து நூறு முழம் தள்ளிப் போய் நின்றது. மரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார்கள். வாய்க்கால் தண்ணீர் பின்னோக்கி ஓடியது. அதுவும் செல்லாது. பாடசாலைச் சுவர்கள் சாயத் தொடங்கின. அறிஞர்கள் விவாதித்தால் உங்களுக்கு என்ன என்று ரபி யோசுவா சுவர்களை அதட்டினார். யோசுவாவுக்கு மரியாதை தந்து சுவர்கள் விழவில்லை, எலியேசருக்கு மரியாதை தந்து நிமிரவும் இல்லை. கடைசியில் வானத்திலிருந்தே ஒரு குரல் வந்தது: எலியேசரோடு ஏன் மல்லுக்கு நிற்கிறீர்கள், சட்டம் எப்போதும் அவர் சொல்கிறபடிதானே.

யோசுவா எழுந்து நின்று, உபாகமம் 30இலிருந்து ஒரு வசனத்தைச் சொன்னார்: "அது வானத்தில் இல்லை." தோரா, அதாவது கடவுள் தந்த வேதச் சட்டம், சீனாயிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது, இனி வானத்துக் குரலுக்கு நாங்கள் செவிகொடுப்பதில்லை, பெரும்பான்மைப்படிதான் முடிவு என்று பொருள். அந்த நேரத்தில் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பிறகு ஒருவர் எலியா தீர்க்கதரிசியிடம் கேட்டார். சிரித்துக்கொண்டே "என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்" என்றாராம்.

பேச்சுகளிலும் கட்டுரைகளிலும் கதை பெரும்பாலும் இந்தச் சிரிப்போடு முடிந்துவிடும். தல்மூதில் அது முடிவதில்லை. ஜெயித்தவர்கள் எலியேசர் சுத்தம் என்று சொன்ன பொருள்களையெல்லாம் கொண்டுவந்து எரித்தார்கள். வாக்கெடுத்து அவரை விலக்கி வைத்தார்கள். இதை யார் போய்ச் சொல்வது? தகாத ஆள் சொன்னால் உலகமே அழியும் என்று பயந்து, அவர் மாணவரான அகிவா கறுப்பு உடுத்திப் போய், நான்கு முழம் தள்ளி உட்கார்ந்து, "தோழர்கள் உங்களிடமிருந்து விலகி நிற்பதுபோல் தோன்றுகிறது" என்றார். எலியேசர் உடையைக் கிழித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து அழுதார். ஒலிவத்தில் மூன்றில் ஒரு பங்கும் கோதுமையில் மூன்றில் ஒரு பங்கும் வாற்கோதுமையில் மூன்றில் ஒரு பங்கும் பாழாயின.

விலக்குக்குத் தலைமை தாங்கிய ரபன் கமாலியேல், எலியேசரின் மனைவி இம்மா ஷாலோமுக்கு அண்ணன். கணவர் மனம் உடைந்து தொழுதால் அண்ணனுக்கு ஆபத்து என்று தெரிந்து, எலியேசர் முகங்குப்புற விழுந்து வேண்டாதபடி அவர் பார்த்துக்கொண்டார். ஒருநாள் கவனம் தப்பியது. எழுந்திருங்கள், என் அண்ணனைக் கொன்றுவிட்டீர்கள் என்றார். சாவுச் செய்தி வந்தது. எப்படித் தெரியும் என்று எலியேசர் கேட்டதற்கு, எல்லா வாசல்களும் பூட்டப்பட்டாலும் மனம் புண்பட்டவர்களின் வாசல் பூட்டப்படுவதில்லை என்று தன் முன்னோர் வீட்டில் கேட்டதைச் சொன்னார்.

இந்த முழுக் கதையும் தல்மூதில் எங்கே இருக்கிறது தெரியுமா? சொல்லால் பிறரைப் புண்படுத்துவது பற்றிய சட்டப் பகுதியில். அதனால்தான் முதல் பாதியை மட்டும் வைத்து "பகுத்தறிவின் வெற்றி" என்று கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. பெரும்பான்மை முடிவெடுக்கலாம், வானத்தின் பேச்சைக்கூட மறுக்கலாம். தனியாக நின்ற மனிதரை நடத்திய விதத்துக்குத்தான் அவர்களிடம் கணக்குக் கேட்கப்படுகிறது. சாகும் தறுவாயில் எலியேசரைப் பார்க்கப் போன அறிஞர்கள் அப்போதும் நான்கு முழம் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். மூச்சு அடங்கிய பிறகுதான் யோசுவா எழுந்து விலக்கு நீங்கிவிட்டது என்று அறிவித்தார்.

இன்னொன்று. பெரும்பான்மையைப் பின்பற்று என்பதற்கு அவர்கள் காட்டும் வசனம் யாத்திராகமம் 23:2. தமிழ் பைபிளைத் திறந்து பாருங்கள், தீமை செய்யத் திரளானவர்களைப் பின்பற்றாதே என்று இருக்கும். அதன் கடைசிச் சில சொற்களைத் தனியாக எடுத்துத்தான் பெரும்பான்மை விதி அமைந்தது.

சரி, பெரும்பான்மை முடிவு செய்த பிறகு சிறுபான்மைக் கருத்துக்கு என்ன ஆகும்?

எழுதி வைக்கப்படும். மிஷ்னாவே கேட்கிறது: சட்டம் பெரும்பான்மைப்படிதான் என்றால் ஒருவர் கருத்தை ஏன் பதிவு செய்கிறோம்? பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அந்த ஒருவர் கருத்தைச் சரி என்று கண்டால் அதைச் சார்ந்து தீர்ப்புத் தரலாம் என்பதற்காக. ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு பழைய அறிஞர்களின் பள்ளிகள் மூன்று ஆண்டுகள் மோதிய பிறகு "இவையும் அவையும் உயிருள்ள கடவுளின் வார்த்தைகள், ஆனால் சட்டம் ஹில்லேல் பக்கம்" என்று வானக் குரல் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. ஹில்லேல் பள்ளிக்கு ஏன் அந்தப் பேறு? அவர்கள் மென்மையானவர்கள், எதிர்த்தரப்பின் கருத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள், அதுவும் தங்கள் கருத்துக்கு முன்னால் சொன்னார்கள்.

ஆனால் நடைமுறையில் ஆளுக்கு ஒரு சட்டம் கிடையாது. என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம், கற்பிக்கலாம். உயர் நீதிமன்றத்தின் முடிவுக்கு எதிராகச் செயல்படும்படி தீர்ப்புச் சொல்லும் அறிஞர் பழைய சட்டப்படி குற்றவாளி.

புதிதாக விளக்கம் சொல்வது மூல வேதத்துக்குத் துரோகம் ஆகாதா?

தல்மூதின் பதில் ஒரு கதை. மோசே தோராவைப் பெற்றுக்கொள்ள மேலே போனபோது கடவுள் எழுத்துகளுக்குக் கிரீடம் கட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டால், பல தலைமுறைக்குப் பின் அகிவா என்று ஒருவன் வருவான், ஒவ்வொரு கோட்டிலிருந்தும் குவியல் குவியலாகச் சட்டங்கள் எடுப்பான் என்றார். அவனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, மோசே அகிவாவின் வகுப்பில் எட்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தார். ஒன்றும் புரியவில்லை. சோர்ந்துபோனார். அப்போது ஒரு மாணவன், இது எங்கிருந்து வந்தது என்று கேட்க, "சீனாயில் மோசேக்குக் கொடுக்கப்பட்டது" என்றார் அகிவா. மோசேயின் மனம் அமைதியானது.

கதையின் அடுத்த பகுதி கூட்டாளித்தனத்தின் எல்லையைக் காட்டுகிறது. இவனுக்கு என்ன பலன் என்று மோசே கேட்கிறார். ரோமர்களால் கொல்லப்பட்ட அகிவாவின் சதையை இறைச்சிக் கடையில் எடைபோடும் காட்சி காட்டப்படுகிறது. இதுதான் தோரா, இதுதான் அதன் பலனா? "பேசாதே, என் எண்ணத்தில் அப்படித்தான் எழுந்தது" என்கிறார் கடவுள். சோதோமுக்காகப் பேரம் பேசியவருக்குக் கிடைத்த பதில் இங்கே கிடைக்கவில்லை.

சீனாய் மலையில் கடவுளோடு செய்த உடன்படிக்கையை யூதர்கள் விரும்பித்தான் ஏற்றார்களா?

இதையும் தல்மூதே கேட்கிறது. மலையை ஒரு தொட்டிபோலக் கவிழ்த்து மக்கள் தலைமேல் பிடித்து, ஏற்றால் நல்லது, இல்லையென்றால் இங்கேயே உங்கள் கல்லறை என்று கடவுள் சொன்னதாக ஓர் அறிஞர் விளக்கினார். அப்படியானால் மிரட்டி வாங்கிய ஒப்பந்தம் செல்லாதே என்று இன்னொருவர் உடனே சட்டப் பிரச்சினை எழுப்பினார். அதற்கு ரவா என்ற அறிஞர் சொன்ன பதில்: எஸ்தர் காலத்தில் தாங்களாகவே மறுபடி ஏற்றுக்கொண்டார்கள். எஸ்தர் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஒருமுறைகூட வருவதில்லை. மலையும் இடியும் இல்லாத காலத்தில் ஏற்றதுதான் கணக்கில் வருகிறது.

உலகத்தைச் செப்பனிடுவது என்று இன்றைய யூதர்கள் அடிக்கடி பேசுகிறார்களே?

அதற்கு இரண்டு வேர்கள். முதலாவது சட்டம். ஏழாம் ஆண்டில் கடன்கள் தள்ளுபடி என்று உபாகமம் 15 சொல்கிறது. அந்த ஆண்டு நெருங்கும்போது யாரும் ஏழைக்குக் கடன் தராமல் போனார்கள். ஹில்லேல் ஒரு பத்திரம் கொண்டுவந்தார். கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் தள்ளுபடி பொருந்தாது. ஏழைக்கு உதவ வந்த தெய்வச் சட்டம் ஏழையையே வாட்டியபோது மனிதர் கைவைத்துச் சரிசெய்தார்.

இரண்டாவது கபாலா. இஸ்ஹாக் லூரியா 1534இல் பிறந்து 1572இல் மறைந்தார். கலிலேயாவின் சாபேத் நகரில் அவர் கற்பித்தது சுமார் இரண்டே ஆண்டுகள். கடவுள் தன்னைச் சுருக்கிக்கொண்டு உலகத்துக்கு இடம் விட்டார், ஒளியைத் தாங்கிய பாத்திரங்கள் உடைந்து பொறிகள் சிதறின, அவற்றை எடுத்துச் சேர்ப்பது மனிதன் வேலை என்றார். இன்று சமூக சேவைக்கு இதை மேற்கோள் காட்டுகிறார்கள். லூரியாவின் மனதில் இருந்தது தொழுகையும் கட்டளைகளும்தான்.

20ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டையும் சேர்த்து வாழ்ந்து காட்டியவர் என்று வார்சாவில் பிறந்த ஆபிரகாம் யோசுவா ஹெஷலைச் சொல்லலாம். மனிதன் கடவுளைத் தேடுவதைவிட, கடவுள் மனிதனைத் தேடுவதுதான் பைபிளின் கதை என்பது அவர் பார்வை. 1965இல் அமெரிக்காவின் செல்மாவில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்தார். தன் கால்களே தொழுததுபோல உணர்ந்ததாகப் பின்னர் சொன்னார்.

யூத இனப் படுகொலைக்குப் பிறகும் கூட்டாளி என்று பேச முடியுமா?

சிலர் முடியாது என்றார்கள். சிலர் கூட்டின் விதிகளை மாற்றி எழுதினார்கள். தாயை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பறிகொடுத்த தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ், 1984இல் ஜெர்மனியின் டியூபிங்கனில் ஆற்றிய உரையில், நல்லவரும் வல்லவருமான கடவுள் என்பதில் வல்லமையைத்தான் கைவிட வேண்டும் என்றார். கடவுள் தடுக்க விரும்பாமல் இருக்கவில்லை, தடுக்க முடியவில்லை. உலகத்தை மனிதன் கையில் கொடுத்துவிட்டார். அமெரிக்க ரபி இர்விங் கிரீன்பெர்க் வேறு வழியில் போனார். இவ்வளவுக்குப் பிறகு எந்தக் கட்டளையும் யூதரைக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் தாங்களாக முன்வந்துதான் உடன்படிக்கையைத் தொடர்கிறார்கள், கூட்டில் இப்போது மூத்த பங்கு மனிதனுடையது என்றார். மரபுவழி யூதர்கள் பலருக்கு இது ஏற்பில்லை. கடவுள் முகத்தை மறைத்துக்கொண்டார் என்ற பழைய மொழியிலேயே நின்றவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் பதில் என்று எனக்குத் தோன்றவில்லை. "பேசாதே" என்று மோசேக்குச் சொல்லப்பட்டதைத் தாண்டிப் பேச முயன்றவர்கள் என்ற மரியாதை எல்லார்மேலும் இருக்கிறது.

பெண்களுக்கும் யூதர் அல்லாதவருக்கும் இந்தக் கூட்டில் இடம் உண்டா?

செலோப்பியாத்தின் மகள்களும் இம்மா ஷாலோமும் மேலே வந்தார்கள். ஆனால் பாடசாலை விவாதங்களில் வாக்களித்தவர்கள் நூற்றாண்டுகளாக ஆண்கள் மட்டும்தான். 1935இல் ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் முதல் பெண் ரபியாக அங்கீகாரம் பெற்றார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் 1972இல் ரபி ஆனார். மரபுவழிப் பிரிவுகளில் இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

யூதர் அல்லாதவர் பற்றி: ஓர் உயிர், ஒரு உலகம் என்ற மிஷ்னா வரி சில பதிப்புகளில் "இஸ்ரவேலில் ஓர் உயிர்" என்று இருக்கிறது. பழைய கைப்பிரதிகளில் அந்தச் சொல் இல்லை. ஆதாமை வைத்துச் சொல்லும் வாதத்துக்கு அது பொருந்தவும் இல்லை.

கையில் தமிழ் பைபிள் மட்டும்தான் இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

ஆதியாகமம் 18, யாத்திராகமம் 32, எண்ணாகமம் 27 ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் படித்துவிடலாம். அப்புறம் யோபு. நீளமானது, நடுவில் அலுப்புத் தட்டும். நண்பர்கள் கடவுளுக்காகப் பரிந்து பேசுவதையும் யோபு கடவுளை வழக்குக்கு இழுப்பதையும் மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைசி அதிகாரத்துக்கு வாருங்கள். 42:7இல் கடவுள் கோபப்படுவது தனக்காக வாதாடிய நண்பர்கள்மேல். யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். அவர்களுக்காக யோபுதான் வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறார்.